குட்டைக்கரை, ஓடைக்கரை சுத்தம் செய்ய பொக்லைன் விடுகிறவர்கள் கவனத்துக்கு

சிவகங்கைப் பக்கம் பட்டா நிலத்தில் குட்டையோ ஓடைக்கரையோ வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். மழைக்கு முன்னால் பொக்லைனோடு ஊர் ஊராக வந்து வேலை கேட்கும் ஒருவர் என் பணத்தையும் வாங்கிக்கொண்டு கரையையும் கெடுத்துவிட்டுப் போய்விட்டார்.

குட்டையைச் சுற்றிச் சீமைக்கருவேலம், தண்ணீர் ஓரத்தில் சம்பு என்கிற உயரமான நீர்ப்புல்லும் நெய்வேலிக் காட்டாமணக்கும் மண்டிக் கிடந்தன. எல்லாவற்றையும் வேரோடு எடுக்க வேண்டும், மணிக்கு 1,200 ரூபாய், விறகை அவரே எடுத்துக்கொண்டு அதன் விலையைக் கூலியில் கழித்துக்கொள்ள வேண்டும் என்று பேச்சு. "ஒரு தூர் மிச்சம் இருந்தா காசே வேணாம்ணே" என்றார்.

தடித்த மரங்களை மட்டும் தரையோடு அறுத்து லாரியில் ஏற்றினார்கள். கரிமூட்டத்துக்குப் போகிற விறகு அது, அதில்தான் அவர்களுக்குக் கண். தூர்களின் மேல் மண்ணை இழுத்து மூடி மட்டம் தட்டிவிட்டார்கள். சீமைக்கருவேலத்துக்கு உயிர் தரைக்குச் சற்றுக் கீழே, தூர்க்கழுத்தில் இருக்கிறது. அதற்கும் கீழே, ஏறக்குறைய ஓர் அடி ஆழத்தில் வேரை அறுத்து எடுக்காவிட்டால் ஒரு தண்டு இருந்த இடத்தில் நாலைந்து கிளம்பும். சந்தேகப்பட்டு ஓரிடத்தில் மண்ணை விலக்கினேன். ரம்பம் அறுத்த முகம் அப்படியே இருந்தது, அதன் விளிம்பைச் சுற்றி அரிசி அளவில் பச்சைத் துளிர்கள். காட்டாமணக்கைத் துண்டு துண்டாக்கி ஈர மண்ணிலேயே போட்டிருந்தார்கள். அது தண்டிலிருந்தே வேர்விடும் செடி, ஆடு மாடும் பொதுவாகத் தின்னாது.

இதைவிடப் பெரிய சேதம் கரைக்குத்தான். சரிவைப் பிடித்திருந்த நாணலையும் வெட்டிவேரையும் வழித்தெடுத்து, அந்த மண்ணை ஓடை விளிம்பிலேயே குவித்துவிட்டார்கள். ஐப்பசி மழையில் குவியல் முழுக்க ஓடைக்குள் சரிந்து அடைத்துக்கொண்டது. தண்ணீர் கரையை உடைத்துக்கொண்டு சித்தப்பாவின் நடவுக்குள் இறங்கியது. கரையில் நின்ற பனை ஒன்றையும் சாய்த்திருந்தார்கள். பனை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021-லேயே அரசு அறிவித்துவிட்டது. கேட்டால், "அது தானா சாஞ்சதுண்ணே" என்கிறார்.

அப்புறம் கணக்கு. ஆட்கள் விறகு ஏற்றும்போது பொக்லைன் சும்மா ஓடிக்கொண்டிருந்த நேரத்துக்கும் கூலி. விறகு விலை போகவில்லை என்று ஒரு ரூபாய்கூடக் கழிக்கவில்லை. இப்போது போனை எடுப்பதே இல்லை.

வேலை தொடங்கும்போதும் முடியும்போதும் வண்டி ஓடிய நேரத்தைக் காட்டும் மணி மீட்டரைப் போட்டோ எடுத்து வையுங்கள், சும்மா நிற்கும்போது இன்ஜினை அணைக்கச் சொல்லுங்கள். விறகு விலையை லாரி வருவதற்கு முன்பே பேசி எழுதி வாங்கிவிடுங்கள். ஓடை பெரும்பாலும் அரசுப் புறம்போக்காக இருக்கும், அதனால் நிலத்தின் அளவு வரைபடமான புலப்படத்தில் எல்லையைப் பார்த்துவிட்டு உங்கள் பக்கம் மட்டும் கை வையுங்கள். சம்புக்குப் பொக்லைனே வேண்டாம். குட்டையில் தண்ணீர் நிற்கும்போது நீர்மட்டத்துக்குக் கீழே அரிவாளால் அறுத்துவிட்டால் கிழங்குக்குக் காற்றுப் போகாமல் அழுகிவிடும். சரிவில் இருக்கும் நாணலைத் தொட விடாதீர்கள். கூலியில் ஒரு பங்கை ஒரு நல்ல மழை பெய்து, தூர் துளிர்க்கிறதா என்று பார்த்த பிறகு கொடுங்கள். அதற்கு ஒத்துக்கொள்ளாத ஆளை அப்போதே அனுப்பிவிடுங்கள்.