கட்டடக் கம்பெனியில் அப்ரண்டிஸாகச் சேரும் முன்: வவுச்சரில் போட்ட பத்துக் கையெழுத்து

டிப்ளமோ சிவில் முடித்துவிட்டு, ஊரில் உள்ள கட்டடக் கம்பெனி எதிலாவது அப்ரண்டிஸாகச் சேரலாம் என்று நினைக்கும் தம்பி தங்கைகளுக்கும், அவர்களைக் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்த்துவிடும் பெற்றோருக்கும் இதை எழுதுகிறேன். கம்பெனி பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் அவர்கள் எடுத்து நீட்டப்போவது என் கையெழுத்து உள்ள பத்து வவுச்சர்களை. பெயரை விட அவர்கள் செய்த முறை தெரிவதுதான் முக்கியம், ஏனென்றால் அதே முறையை வேறு பெயரிலும் பார்ப்பீர்கள்.

எனக்கு லால்குடிப் பக்கம். 2021-இல் டிப்ளமோ முடித்தேன். கொரோனாவால் கடைசி வருடம் பெரும்பாலும் செல்போனிலேயே வகுப்பு. கான்கிரீட் போடுவதை நேரில் நின்று பார்க்காமலேயே சிவில் முடித்தவன் நான். அதனால் திருச்சியில் ஒரு கம்பெனி அப்ரண்டிஸ் எடுக்கிறது என்று தெரிந்தவர் சொன்னதும், அம்மாவும் நானும் மறுநாளே சத்திரம் பஸ் ஸ்டாண்டில் போய் இறங்கிவிட்டோம். ஒரு வருடம், மாதம் 8,000 ரூபாய், முடிந்ததும் அப்ரண்டிஸ் சான்றிதழ் என்றார் முதலாளி. டிப்ளமோ அப்ரண்டிஸுக்கு அரசு அப்போது வைத்திருந்த குறைந்தபட்ச உதவித்தொகையும் அதே 8,000 தான். தொகை சரியாக இருந்ததால் மற்றதெல்லாம் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பினோம்.

இரண்டு விஷயம் கேட்டார்கள். ஒன்று, ஒரிஜினல் சான்றிதழ்கள், "சரிபார்த்துட்டுத் தர்றோம்" என்று. இன்னொன்று, மட்டம் பார்க்கும் லெவல் மெஷினைக் கையாளப் போவதால் 10,000 ரூபாய் டெபாசிட். அம்மா மகளிர் குழுவில் கடன் எடுத்துக் கட்டினார். ரசீது கேட்டதற்கு, "குடும்பம் மாதிரி பழகப் போறோம், ரசீதெல்லாம் எதுக்கும்மா" என்றார்கள். அம்மாவுக்கு அந்த வார்த்தை மிகவும் பிடித்திருந்தது. வரும் வழியெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு வந்தார்.

வேலை எனக்குப் பிடித்திருந்தது, அதை மறைக்க மாட்டேன். காலை ஏழரைக்கு சைட்டில் இருப்பேன். அங்கிருந்த மேஸ்திரிதான் எனக்கு உண்மையான வாத்தியார். ட்யூப் லெவலில் காற்றுக் குமிழி இல்லாமல் தண்ணீர் பிடிப்பது, நூல் கட்டி மூலைமட்டம் பார்ப்பது, கம்பி லாரி வந்தால் ஒரு கம்பியை வெட்டி எடை போட்டுப் பார்ப்பது எல்லாம் அவரிடம் கற்றது. விட்டத்தை வர்க்கப்படுத்தி 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டர் கம்பியின் எடை கிலோவில் வரும் என்று எனக்குத் தெரியும். 12 எம்.எம். கம்பி மீட்டருக்குச் சுமார் 890 கிராம் வரவேண்டும். அவருக்கு அந்தச் சூத்திரம் தெரியாது, ஆனால் கையில் தூக்கிப் பார்த்தே "இது எடை கம்மி தம்பி" என்பார். போட்டுப் பார்த்தால் கம்மியாகத்தான் இருக்கும்.

முதல் மாதம் 8,000 முழுதாக வந்தது. இரண்டாம் மாதம் 4,000. மூன்றாம் மாதத்திலிருந்து 2,000 தான். ஆனால் வவுச்சரில் ஒவ்வொரு மாதமும் 8,000 என்றே எழுதியிருக்கும். கணக்குப் பார்ப்பவர் ரெவின்யூ ஸ்டாம்பை நாக்கில் தொட்டு ஒட்டி, புத்தகத்தை என் பக்கம் திருப்பி வைப்பார். "ஆடிட்டருக்காக முழுசா எழுதியிருக்கு தம்பி. ஒரு பார்ட்டிக்கு பேங்க் லோன் தவணை வரணும், வந்ததும் மீதி மொத்தமா வாங்கிக்க." பேனா மூடியைக் கூட அவரே கழற்றித் தருவார். அந்த நேரத்தில் சுற்றி நான்கு பேர் சம்பளத்துக்கு நிற்பார்கள். அவர்கள் முன்னால் "போட மாட்டேன்" என்று சொல்ல 19 வயதில் எனக்கு வாய் வரவில்லை. பத்து மாதமும் போட்டேன்.

கணக்கு இதுதான்: வரவேண்டியது 80,000, கைக்கு வந்தது 28,000. டெபாசிட்டையும் சேர்த்தால் 62,000 ரூபாய் நின்றுபோனது.

பணத்தை விட மோசமான இன்னொன்றும் நடந்தது. 2022 தை மாதம், கே.கே. நகரில் ஒரு வீட்டுக்குத் தளம் போட்டோம். பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் வீடு. முதல்நாளே கம்பியைப் பார்க்கப் போனேன். கம்பிக்கு அடியில் கான்கிரீட் நிரம்ப இடைவெளி விடும் கவர் பிளாக் வைக்கவில்லை. கம்பிக்கு அடியில் ஆங்காங்கே ஜல்லிக் கல்லைச் சொருகியிருந்தார்கள், பாதி இடத்தில் கம்பி சென்ட்ரிங் ஷீட்டிலேயே உட்கார்ந்திருந்தது. "20 எம்.எம். கவர் இல்லன்னா மழைத்தண்ணி பட்டுப் பட்டுத் துரு வாங்கிடும், அப்புறம் காரை பேந்து விழும்" என்று மேஸ்திரியே முதலாளியிடம் சொன்னார். "ஜல்லி போதும், போடுய்யா" என்று பதில் வந்தது. மறுநாள் கலவை மெஷினில் மூட்டைக்கு இத்தனை தண்ணீர் என்று அளவே இல்லை. எம்20 கலவைக்கு 50 கிலோ மூட்டைக்கு 30 லிட்டர் தாண்டக் கூடாது என்று படித்திருக்கிறேன். சீக்கிரம் பரவட்டும் என்று வாளி வாளியாக ஊற்றினார்கள். கான்கிரீட்டின் பலத்தைச் சோதிக்கும் க்யூப் டெஸ்டுக்கு மட்டும் தனியாகச் சிமென்ட் கூட்டிக் கலந்து, ஆறு க்யூப் எடுத்தார்கள். அந்த ரிஜிஸ்டரில் "சைட் இன்ஜினியர்" என்ற கட்டத்தில் கையெழுத்துப் போட்டவன் நான். வீட்டுக்காரரிடம் என்னை "நம்ம இன்ஜினியர்" என்றுதான் அறிமுகப்படுத்தியிருந்தார்கள். உண்மையில் அந்த சைட்டுக்கு இன்ஜினியர் என்று யாருமே இல்லை. வீட்டுக்காரர் என்னை "இன்ஜினியர் சார்" என்று கூப்பிட்டு வடையும் டீயும் கொடுத்தார்.

மே மாதம் நின்றுவிடுகிறேன் என்றேன். "ஒரு வருஷம் முடியல. 50,000 கட்டிட்டு சர்டிபிகேட்டை எடுத்துக்க" என்றார்கள்.

அப்போதுதான் கூடப் படித்தவன் ஒருவன் கேட்டான், "உன் கான்ட்ராக்ட் நம்பர் என்னடா?" எனக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. 1961-ஆம் ஆண்டு தொழிற்பழகுநர் சட்டப்படி அப்ரண்டிஸ் என்றால் ஒப்பந்தம் போட்டுப் பதிவு செய்திருக்க வேண்டும். டிப்ளமோ, பட்டதாரிகளுக்கு அதற்கென்று மத்திய அரசின் நேட்ஸ் இணையதளம் உண்டு. நாமே பெயரைப் பதிந்து எண் வாங்க வேண்டும், கம்பெனி போடும் ஒப்பந்தத்தை நாமே பார்த்து ஏற்க வேண்டும். குறைந்தபட்சத் தொகையில் பாதியை மத்திய அரசே ஏற்கிறது. ஐ.டி.ஐ. முடித்தவர்களுக்கு இதே போல வேறு தளம் உண்டு. "நம்மது சின்னக் கம்பெனி, அதெல்லாம் வராது" என்று என்னிடம் சொன்னது பொய். 30 பேர் வேலை செய்யும் இடம் என்றால் அப்ரண்டிஸ் எடுப்பது கட்டாயம், 4 பேர் இருந்தாலே விரும்பினால் எடுக்கலாம். சென்னை தரமணியில் இருக்கும் தென்மண்டலத் தொழிற்பழகுநர் பயிற்சி வாரியத்துக்கு எழுதிக் கேட்டேன். என் பெயரில் ஒப்பந்தம் எதுவும் இல்லை என்று பதில் வந்தது. அதாவது பத்து மாதம் நான் அப்ரண்டிஸாகவே இருந்ததில்லை. அப்ரண்டிஸ் சான்றிதழும் கிடையாது.

அவர்கள் திருப்பித் தராமல் வைத்திருந்த ஒரிஜினல் சான்றிதழ்களை மீட்டது இப்படித்தான்: கோர்ட் வளாகத்தில் உள்ள இலவச சட்ட உதவி மையத்துக்குப் போனேன். அங்கிருந்த வக்கீல் அம்மா, "சர்டிபிகேட் அடமானம் வைக்கிற பொருள் இல்லப்பா, காலேஜே பிடிச்சு வைக்கக் கூடாதுன்னு ஹைகோர்ட் சொல்லியிருக்கு" என்று சொல்லி மனு எழுதித் தந்தார். அதை ஸ்டேஷனில் கொடுத்து புகார் வாங்கியதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கினேன். அவர்கள் ஒரு போன் போட்டார்கள், மூன்றாம் நாள் ஃபைல் வந்துவிட்டது. பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டின் ஓரத்தில் பஞ்ச் பண்ணி இரண்டு ஓட்டை போட்டிருந்தார்கள். நான் லேமினேஷன் கூடப் பண்ணாமல் பத்திரமாக வைத்திருந்தது அது.

பணம் வரவில்லை. தொழிலாளர் அலுவலகத்தில் கூப்பிட்டு விசாரித்தார்கள். கம்பெனிக்காரர் வவுச்சர் புத்தகத்தைக் கொண்டு வந்து வைத்தார். அதிகாரி ஒவ்வொன்றாகப் புரட்டிவிட்டு, "கையெழுத்து உன்னோடதா?" என்றார். "ஆமா சார்" என்றேன். அதற்கு மேல் அவர் என்ன செய்வார்? டெபாசிட்டுக்கு ரசீதும் இல்லை. மகளிர் குழுக் கடனை அம்மா 2023 வரை கட்டினார்.

தம்பி, தங்கை, சேரும் முதல் நாளே ஒப்பந்த எண்ணைக் கேளுங்கள். ஒரிஜினலைக் காட்டுங்கள், ஜெராக்ஸைக் கொடுங்கள், ஒரிஜினல் உங்களோடு வீட்டுக்கு வந்துவிட வேண்டும். டெபாசிட் கேட்கும் இடத்தில் சேரவே வேண்டாம். உதவித்தொகை பேங்க் கணக்கில் வரட்டும். ரொக்கமாகத்தான் தருவேன் என்றால், வாங்கிய தொகையை உங்கள் கையால் எழுதி அதன் கீழே கையெழுத்துப் போடுங்கள், எழுத விடவில்லை என்றால் போடாதீர்கள். சுற்றி எத்தனை பேர் நின்றாலும் போடாதீர்கள். சைட் ரிஜிஸ்டரில் உங்கள் பதவி என்னவென்று எழுதியிருக்கிறது என்று பாருங்கள். வீடு கட்டுகிறவர்களே, உங்களிடம் "இன்ஜினியர்" என்று காட்டும் பையனைத் தனியாகக் கூப்பிட்டு, என்ன படித்தான், எப்போது சேர்ந்தான் என்று கேளுங்கள். என்னை யாராவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

போன வருடம் கே.கே. நகர் வீட்டுக்குப் போனேன். ரொம்ப நாளாகப் போக வேண்டும் என்று இருந்து, கால் வராமல் தள்ளிப்போட்டது. போர்ட்டிகோ கூரையின் அடியில், கம்பி ஓடும் வரிசையிலேயே, பழுப்பு நிறத்தில் மூன்று கோடு தெரிந்தது. அந்தப் பெரியவருக்கு என்னை அடையாளம் தெரிந்துவிட்டது. "வாங்க இன்ஜினியர் சார்" என்றார். நான் உட்காரவில்லை. அன்றைக்கு நான் இன்ஜினியர் இல்லை, அப்ரண்டிஸ் கூட இல்லை என்று சொன்னேன், தளம் போட்ட விவரம் முழுவதையும் சொன்னேன். அவர் ரொம்ப நேரம் அந்தக் கோட்டையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். பழைய மேஸ்திரியின் நம்பரைக் கொடுத்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மேஸ்திரியும் நானும் போய், காரையைக் கொத்திக் கம்பியைத் துலக்கிப் பூசிக் கொடுத்தோம். மேலே பெரிய தளத்தை இன்னும் தட்டிப் பார்க்கவில்லை. தட்ட வேண்டும்.