90 நிமிடம், நான்கு வடிவங்கள்: குழந்தை, குடும்ப உளசிகிச்சை ஆய்வுக்கு எந்த பேனல்?

மாநாட்டுக்கு ஆய்வுச் சுருக்கம் அனுப்பக் கடைசி நாள் நெருங்கும்போது ஆய்வுக் குழுக்களில் ஒரே பேச்சுதான்: "நாமே ஒரு பேனல் (ஒரே கேள்வியைச் சுற்றிப் பலர் சேர்ந்து நடத்தும் அமர்வு) போட்டுவிடலாமா, இல்லை ஆளுக்கொரு கட்டுரை அனுப்பிவிடலாமா?" யார் யார் வரப்போகிறார்கள் என்பதை வைத்தே பெரும்பாலும் முடிவு எடுக்கப்படுகிறது. எந்தக் கேள்வியைப் பேசப்போகிறோம் என்பதைப் பெயர்ப் பட்டியல் தயாரான பிறகு மேலே ஒட்டுகிறார்கள். பெரியவர்களுக்கான சிகிச்சை ஆய்வில் இப்படிச் செய்தும் ஓரளவு ஒப்பேற்றிவிடலாம். குழந்தைகள், குடும்பங்கள் என்று வந்துவிட்டால் ஒப்பேற்ற முடியாது.

பெரியவர் ஒருவர் சிகிச்சைக்கு வந்தால், அவரிடமே கேள்வித்தாளைக் கொடுத்து ஒரு மதிப்பெண் வாங்கிவிடலாம். எட்டு வயதுப் பிள்ளை என்றால் அம்மா ஒன்று சொல்வார், ஆசிரியர் இன்னொன்று சொல்வார், பிள்ளை தோளைக் குலுக்கும். 1987-ல் தாமஸ் ஆக்கன்பாக்கும் உடன் ஆய்வாளர்களும் 119 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். பெற்றோர், ஆசிரியர் என்று வெவ்வேறு இடத்திலிருந்து ஒரே பிள்ளையைப் பார்ப்பவர்களின் மதிப்பீடுகளுக்கு இடையே சராசரி ஒட்டுறவு 0.28 மட்டுமே (முழுக்க ஒத்துப்போனால் 1, தொடர்பே இல்லையென்றால் 0). பிள்ளை தன்னைப் பற்றிச் சொல்வதற்கும் மற்றவர்கள் சொல்வதற்கும் இடையே 0.22. 2015-ல் ஆந்த்ரேஸ் டி லாஸ் ரெயெஸ் குழு 341 ஆய்வுகளை வைத்து மறுபடி பார்த்தது, மறுபடியும் 0.28. ஆக, ஒரே பேனலில் ஒரு கட்டுரை தாயின் மதிப்பீட்டையும், அடுத்தது ஆசிரியருடையதையும், மூன்றாவது சிகிச்சையாளருடையதையும் 'முன்னேற்றம்' என்று எடுத்துக்கொண்டால், மூன்று பேரும் மூன்று வேறு விஷயங்களைப் பேசிவிட்டுப் போகிறார்கள். கேட்பவர்கள் கைதட்டிவிட்டு எழுந்துபோகிறார்கள்.

அதனால் பேனல் வடிவங்களை ஒப்பிடும்போது நான் வைக்கும் உரைகல் ஒன்றுதான். பிள்ளை தேறிவிட்டது என்று யார் சொல்கிறார்கள் என்ற கேள்வி இந்த வடிவத்தில் மேலே வருமா, அடியில் புதைந்துபோகுமா?

முன்கூட்டியே கோத்துக் கொடுக்கும் கட்டுரை பேனல்

எல்லோருக்கும் பழகிய வடிவம். மூன்று அல்லது நான்கு கட்டுரைகள், ஒரு நெறியாளர், கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்துப் பேச ஒரு கருத்துரையாளர். இதில் முதல் சண்டை மூன்றா நான்கா என்பதில்தான். ஓர் அமர்வுக்கு 90 நிமிடம் என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். நான்கு கட்டுரை, தலா 15 நிமிடம் என்றால் 60. கருத்துரையாளருக்கு 10. அறிமுகம், லேப்டாப் மாற்றுவது, மைக் வேலை செய்கிறதா என்று தட்டிப் பார்ப்பது எல்லாம் சேர்ந்து இன்னொரு 10. நாலாவது ஆள் எப்படியும் மூன்று நிமிடம் கூடுதலாக எடுப்பார். கேள்விகளுக்கு மிஞ்சுவது 7 நிமிடம். அதில் முதல் கேள்வி கேள்வியாக இருக்காது, ஒரு குட்டிச் சொற்பொழிவாக இருக்கும்.

மூன்று கட்டுரை என்றால் 25 நிமிடம் கையில் நிற்கும். இது எல்லோருக்கும் தெரியும். இருந்தும் நான்கு போடுகிறார்கள். நிகழ்ச்சி நிரலில் பெயர் இல்லாதவருக்கு அவருடைய நிறுவனம் பயணச் செலவு தராது என்பதுதான் பல நேரங்களில் உண்மையான காரணம். அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அதற்கு வேறு வழி இருக்கிறது: நாலாவது ஆளை நெறியாளராகவோ கருத்துரையாளராகவோ போடலாம்.

கருத்துரையாளர் என்றதும் ஒரு விஷயம். துறையின் பெரிய தலை ஒருவரைப் பிடித்துப் போட்டுவிட்டு, ஸ்லைடுகளை முந்தின நாள் இரவு அனுப்பினால், அவர் ஒப்புக்குச் சப்பாணிதான். மூன்று கட்டுரையையும் பாராட்டிவிட்டுத் தன் ஆய்வைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார். ஒரு வாரம் முன்னால் கட்டுரைகள் கைக்கு வந்த இளம் ஆய்வாளர் இதைவிட எவ்வளவோ மேல். அவர் வேறு முகாமைச் சேர்ந்தவராக இருந்தால் இன்னும் நல்லது. குடும்ப சிகிச்சை பேனலுக்கு விளையாட்டு சிகிச்சை (பிள்ளையை விளையாடவிட்டு அதன் வழியே தரும் உளசிகிச்சை) ஆய்வாளர், பெற்றோர் பயிற்சி பேனலுக்குக் குடும்ப சிகிச்சைக்காரர், இப்படி.

அடுத்தது, ஒரே திட்டத்தின் கட்டுரைகளா, வெவ்வேறு இடத்துக் கட்டுரைகளா? ஒரே ஆய்வகத்து ஆட்கள் வரிசையாக மேடை ஏறினால் மற்றவர்கள் 'குடும்ப விழா' என்று கிண்டல் செய்வார்கள். கிண்டல் பாதி நியாயம். சிறிய ஆய்வு ஒன்றை நான்காக அறுத்துப் பரிமாறும் பேனல்கள் உண்டு. ஆனால் பெரிய சோதனைத் திட்டம் என்றால் ஒரே திட்டத்து பேனல்தான் சிறந்தது என்பேன்.

இங்கிலாந்தின் இம்பாக்ட் சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். மனச்சோர்வுள்ள 465 பதின்பருவத்தினர். சிபிடி (எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் சிகிச்சை), குறுகியகால உளப்பகுப்பாய்வுச் சிகிச்சை, சுருக்கமான உளசமூக உதவி என்று மூன்று பிரிவு. 2017-ல் வெளிவந்த முடிவில் எதுவும் மற்றதைவிட மேலானது என்று நிரூபணமாகவில்லை. இந்த ஒரு கட்டுரையை மட்டும் கேட்டால் 'எல்லாம் ஒன்றுதான்' என்று எழுந்துவிடுவோம். ஆனால் அதே திட்டத்தில் பிள்ளைகளையும் பெற்றோரையும் சிகிச்சையாளர்களையும் நேர்காணல் செய்த துணை ஆய்வும் உண்டு. பாதியில் நின்றுபோனவர்களைப் பற்றிய ஆய்வு மூன்று வகையினரை அடையாளம் கண்டது. சிகிச்சை பிடிக்காமல் போனவர்கள் ஒரு வகை. வேண்டியது கிடைத்துவிட்டது என்று நின்றவர்கள் இன்னொரு வகை. வாழ்க்கையே குலைந்துகிடந்ததால் வர முடியாமல் போனவர்கள் மூன்றாவது. புள்ளிவிவர அட்டவணையில் இந்த மூவரும் 'இடைநின்றவர்' என்ற ஒரே பத்தியில் இருப்பார்கள். அட்டவணையும் நேர்காணலும் ஒரே மேடையில் அடுத்தடுத்து வரும்போதுதான், யார் சொல்கிறார்கள் என்ற கேள்வி தானாக எழும்.

வெவ்வேறு இடத்துக் கட்டுரைகளைச் சேர்ப்பதானால் தலைப்பு மட்டும் பொதுவாக இருந்தால் போதாது, கேள்வி பொதுவாக இருக்க வேண்டும். 'பதின்பருவச் சிகிச்சையில் புதிய போக்குகள்' என்பது கேள்வியே இல்லை. சுய தீங்கு செய்துகொண்ட 832 பேரிடம் குடும்ப சிகிச்சையை வழக்கமான சிகிச்சையோடு ஒப்பிட்ட ஷிஃப்ட் சோதனை, கடும் நடத்தைச் சிக்கலுள்ள 684 பேரிடம் மல்டிசிஸ்டமிக் தெரபியை (குடும்பம், பள்ளி, நண்பர்கள் என்று பிள்ளையின் சூழல் முழுவதோடும் வேலை செய்யும் சிகிச்சையை) சோதித்த ஸ்டார்ட், இவற்றோடு இம்பாக்ட். மூன்றும் இங்கிலாந்தில் நடந்தவை. 2017, 2018-ல் வெளிவந்தவை. பெயர் பெற்ற சிகிச்சை முறை, ஒப்பீட்டுப் பிரிவைத் தன் முதன்மை அளவீட்டில் தாண்டவில்லை என்பதும் மூன்றுக்கும் பொது. ஆனால் அளந்தது ஒன்றல்ல. ஷிஃப்ட், பிள்ளை மறுபடி தீங்கு செய்துகொண்டு மருத்துவமனைக்கு வந்ததா என்று எண்ணியது. ஸ்டார்ட், பிள்ளை வீட்டைவிட்டு வேறிடத்தில் வைக்கப்பட்டதா என்று எண்ணியது. இம்பாக்ட், மனச்சோர்வு அறிகுறிகளைப் பிள்ளையின் வாயாலேயே கேட்டது. 'ஒப்பீட்டுப் பிரிவில் உண்மையில் என்ன நடந்தது, எதை எண்ணினோம்?' என்ற ஒரே கேள்வியோடு இந்த மூன்றையும் வைத்தால் அது பேனல்.

தனித்தனியாக அனுப்பிவிடுவது

இதில் சேர்க்கிற வேலை மாநாட்டுக் குழுவின் தலையில் விழும். அவர்கள் தலைப்பைப் பார்த்துச் சேர்ப்பார்கள். 'குழந்தை' என்ற சொல் இரண்டிலும் இருக்கிறது என்பதற்காக நான்கு வயதுப் பிள்ளைகளின் விளையாட்டு சிகிச்சையும் பதினேழு வயதினரின் மனச்சோர்வும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். நம் உரைகல்லில் இது தேறாது. ஆனால் ஆள் பழக்கம் இல்லாத புது ஆய்வாளருக்கு இதைவிட எளிய வாசல் கிடையாது, அடுத்த ஆண்டு பேனலுக்கான கூட்டாளியை அந்த ஒவ்வாத அமர்விலேயே கண்டுபிடித்தவர்களும் உண்டு. கட்டுரை இன்னும் பாதியில் இருக்கிறது என்றால் போஸ்டர் போதும்: ஆய்வை ஒரே தாளில் அச்சிட்டு ஒட்டிவிட்டு, பக்கத்தில் நின்று வருபவர்களுக்கு விளக்குவது. பேசுவதற்கு அங்கேதான் நேரமும் அதிகம்.

வட்டமேசை

ஸ்லைடு கிடையாது. நான்கு பேர் ஆளுக்கு ஐந்து நிமிடம் நிலைப்பாட்டைச் சொல்வார்கள், அப்புறம் வாதம். முறை பற்றிய சண்டைகளுக்கு ஏற்ற வடிவம் இது: சிகிச்சைக்கு வராத அப்பாவை ஆய்வில் எப்படிச் சேர்ப்பது, பிள்ளையும் தாயும் முரண்பட்டால் எந்த மதிப்பெண்ணை முதன்மையாக வைப்பது போன்றவை. ஆபத்தும் தெரிந்ததே. குரல் பெரியவர் ஒருவர் கையில் மைக் போனால் 90 நிமிடமும் அவருடைய சுயசரிதைதான்.

வாதம் உருப்பட வேண்டுமானால் கையில் ஒரு பொது ஆவணம் வேண்டும். இதற்குப் பழைய முன்னுதாரணமே உண்டு. 1940-களின் முற்பாதியில் பிரிட்டிஷ் உளப்பகுப்பாய்வுச் சங்கத்தில் குழந்தை உளப்பகுப்பாய்வின் இரு முன்னோடிகளான அன்னா ஃப்ராய்ட், மெலனி க்ளைன் ஆகியோரின் தரப்புகள் குழந்தை மனம் பற்றி மோதிக்கொண்டன. கட்டுரைகள் முன்கூட்டியே சுற்றுக்கு விடப்பட்டன. 1943-ல் க்ளைன் தரப்பின் சூசன் ஐசக்ஸ் வைத்த ஒரு கட்டுரை மீது மட்டும் பல கூட்டங்கள் நடந்தன. இவ்வளவுக்குப் பிறகும் உடன்பாடு வரவில்லை. பயிற்சியை இரண்டு தடமாகப் பிரித்துக்கொள்ளும் ஏற்பாடுதான் வந்தது. அவர்களே தீர்க்காததை நாம் மதிய உணவுக்கு முன் தீர்த்துவிடப் போவதில்லை. ஆனால் இரண்டு பக்கக் குறிப்பு ஒன்றைப் பத்து நாள் முன்னால் அனுப்பிவைத்தால், ஒருவர் சொல்லாததை இன்னொருவர் மறுத்துக்கொண்டிருக்கும் வீண் வேலையாவது மிச்சமாகும்.

சிகிச்சை பெற்ற இளைஞர்களையும் பெற்றோரையும் மேடைக்கு அழைக்க ஏற்ற வடிவமும் இதுதான். ஒரே ஒருவரை அழைத்தால் கண்துடைப்பு. இருவராவது வேண்டும், மற்றவர்களுக்கு உள்ள பயணச் செலவும் மதிப்பூதியமும் அவர்களுக்கும் வேண்டும், கேள்விகள் முன்பே கைக்குப் போயிருக்க வேண்டும். 'உங்கள் கதையைச் சொல்லுங்கள்' என்று கேட்பதைவிட, 'இந்தக் கேள்வித்தாளில் எது உங்களுக்குப் பொருந்தவில்லை?' என்று கேளுங்கள். அப்படிக் கேட்டால் ஆய்வுக்கே உதவும் பதில் வரும். ஒரே குடும்பத்துத் தாயையும் மகளையும் ஒரே மேடையில் உட்காரவைப்பதை நான் ஏற்கமாட்டேன். மாநாடு முடிந்ததும் அவர்கள் ஒரே வீட்டுக்குத் திரும்ப வேண்டும்.

ஒரே சிகிச்சை அமர்வு, மூன்று பார்வை

எனக்கு மிகவும் பிடித்த வடிவம். அதிகத் தலைவலி தருவதும் இதுதான். ஒரு குடும்ப அமர்வின் எட்டு நிமிடப் பதிவை மூன்று ஆய்வாளர்கள் தனித்தனியே தங்கள் முறைப்படி ஆராய்ந்து வந்து, மேடையில்தான் முதன்முறையாக ஒப்பிடுவார்கள்.

உதாரணத்துக்கு ஒரு காட்சியை வைத்துக்கொள்வோம். பத்து வயதுப் பையன், அம்மா, அப்பா, சிகிச்சையாளர். பள்ளிக்கூடம் எப்படிப் போகிறது என்று சிகிச்சையாளர் பையனிடம் கேட்கிறார். அவன் வாயைத் திறப்பதற்குள் அம்மா பதில் சொல்கிறார். அப்பா ஜன்னல் பக்கம் பார்க்கிறார். பையன் பொம்மைக் காரை மேஜை விளிம்புவரை ஓட்டிக்கொண்டுபோய் நிறுத்துகிறான்.

முதல் ஆய்வாளர் சோஃப்டா முறைக்காரர். குடும்ப சிகிச்சையில் சிகிச்சையாளரோடு ஏற்படும் பிணைப்பை ஈடுபாடு, உணர்வுத் தொடர்பு, பாதுகாப்பு, குடும்பத்தின் பொது நோக்கம் என்று நான்கு கோணத்தில் கவனித்துக் குறிக்கும் முறை அது. அம்மாவின் ஈடுபாடு உயர்வு, அப்பாவுடையது தாழ்வு, பொது நோக்கம் பலவீனம் என்று குறிக்கிறார். இரண்டாமவர் உரையாடல் பகுப்பாய்வுக்காரர், அதாவது பேச்சில் யார் எப்போது எப்படிப் பேசுகிறார்கள் என்பதை நுணுக்கமாகப் பார்ப்பவர். கேள்வியை முடிக்கும்போது சிகிச்சையாளரின் பார்வை அம்மா பக்கம் திரும்பியதைக் காட்டுகிறார். அம்மா குறுக்கிடவில்லை, அழைப்புக்குப் பதில் சொன்னார் என்கிறார். மூன்றாமவர் குழந்தை சிகிச்சைக்காரர். கார் விளிம்பில் நின்றது, கீழே விழவில்லை என்பதை அவர் மட்டும்தான் பேசுகிறார். பிறகு நெறியாளர் அந்தக் குடும்பத்தின் கேள்வித்தாள் மதிப்பெண்களைக் காட்டுகிறார்: அம்மாவின் கணக்கில் நல்ல முன்னேற்றம், பையனின் கணக்கில் அசைவே இல்லை. அரங்கில் யாரும் சும்மா இருக்கமாட்டார்கள்.

நேரமும் ஒத்துழைக்கிறது. அறிமுகம் 5, பதிவை இரண்டு முறை போட 16, மூவருக்கும் தலா 10. இன்னும் 39 நிமிடம் அரங்கத்துக்கு.

தலைவலி சம்மதத்தில் இருக்கிறது. ஆய்வுக்காகப் பதிவு செய்யக் கொடுத்த சம்மதம், அந்நியர்கள் நிறைந்த அறையில் போட்டுக் காட்டுவதற்கான சம்மதம் ஆகாது. அம்மா, அப்பா, பிள்ளை என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியே கேட்க வேண்டும். பத்து வயதில் சரி என்றவன் பதினைந்தில் வேண்டாம் என்றால் அன்றோடு நிறுத்த வேண்டும். தனி மனிதரைவிடக் குடும்பத்தை அடையாளம் காண்பது சுலபம். இரட்டைப் பிள்ளைகள், அப்பாவின் தொழில், மாறிய பள்ளி என்று இரண்டு மூன்று விவரம் போதும். அதனால் வீடியோவுக்குப் பதில், பெயரும் விவரங்களும் மாற்றிய எழுத்துப்படியை வரி எண்ணோடு அச்சிட்டுக் கொடுத்து, இருவரை வாசிக்கவைத்து, முடிந்ததும் தாள்களைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். ஜன்னல் பக்கம் திரும்பிய முகம் போய்விடும். அடைப்புக்குறியில் எழுதிச் சமாளிக்க வேண்டியதுதான். இந்த வகை அமர்வை இணையத்தில் ஒளிபரப்பவே கூடாது. கட்டுரை பேனலுக்கும் வட்டமேசைக்கும் இணைய வழி தாராளமாகப் பொருந்தும்.

எதை எடுப்பது?

முதன்முறை பேனல் போடுகிறீர்கள் என்றால் மூன்று கட்டுரையும் வேறு முகாமைச் சேர்ந்த கருத்துரையாளரும். முறைச் சண்டை ஒன்று துறையில் சூடாக ஓடிக்கொண்டிருந்தால் வட்டமேசை. முறையான சம்மதத்தோடு ஒரு பதிவு கையில் இருந்தால் வேறு எதையும் யோசிக்காமல் நாலாவது வடிவம், அதாவது ஒரே சிகிச்சை அமர்வை மூவர் பார்ப்பது. மாநாட்டு விதி இடம் தராவிட்டால், கட்டுரை பேனல் என்ற பெயரிலேயே விண்ணப்பித்து மூன்று கட்டுரைகளுக்கும் ஒரே சிகிச்சை அமர்வைத் தரவாகக் கொடுக்கலாம். இப்படித்தான் செய்யப்போகிறோம் என்று சுருக்கத்திலேயே எழுதிவிடுங்கள், யாரும் தடுக்கமாட்டார்கள்.

வடிவம் எதுவானாலும் சுருக்கத்தின் முதல் பத்தியில் நான்கு விவரம் இருக்கட்டும்: பிள்ளைகளின் வயது, யார் யார் சிகிச்சை அமர்வில் உட்கார்ந்தார்கள், எதோடு ஒப்பிட்டீர்கள், முன்னேற்றத்தை மதிப்பிட்டது யார். மூன்று கட்டுரைக்காரர்களிடமும் இந்த நான்கையும் வாங்கி ஒரே தாளில் பக்கத்துப் பக்கத்தில் எழுதிப் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு பேனலுக்குத் தலைப்பு வையுங்கள்.