திருப்பலியில் சிறுவர்கள்: தனி அறையா, பெற்றோர் பக்கத்திலா?

சில கத்தோலிக்கப் பங்குகளில் (கோவில் சமூகங்களில்) திருப்பலி என்னும் பூசையின்போது, விவிலிய வாசகங்களும் மறையுரையும் (குருவின் விளக்கவுரையும்) கொண்ட இறைவார்த்தை வழிபாட்டை மட்டும் சிறுவர்களுக்குத் தனி அறையில் நடத்துகிறார்கள். 1973-இல் வத்திக்கான் வெளியிட்ட சிறுவர் திருப்பலி வழிகாட்டி இதை அனுமதிக்கிறது. வாசகங்களைக் குறைக்கலாம், நற்செய்தியை மட்டும் விடக்கூடாது. பிள்ளைகள் வயதுக்கேற்ற விளக்கம் கிடைக்கும். அப்பமும் திராட்சை இரசமும் ஒப்புக்கொடுக்கும் நற்கருணை வழிபாட்டுக்குக் கோவிலுக்குள் திரும்பிவிடுவார்கள். ஆனால் பயிற்சியுள்ள ஆள் இல்லையென்றால் அது படம் வரையும் நேரமாகிவிடும். அப்புறம் வழிபாடு எங்கே?

பெற்றோருடன் அமர்ந்தால் மறையுரை பாதி புரியாது, சரி. ஆனாலும் எழுவது, முழந்தாளிடுவது, பதிலுரைகள் எல்லாம் பெரியவர்களைப் பார்த்தே படியும். காணிக்கைப் பவனியில் அப்பமும் இரசமும் ஏந்திவரச் சொல்லலாம்.

சின்னப் பிள்ளைகளுக்கு, நல்ல வழிகாட்டி இருந்தால், தனி அறையையே சொல்வேன். புதுநன்மை (முதன்முறையாக நற்கருணை) வாங்கியபின் பெற்றோருடனேயே இருக்கட்டும்.