முதியவர்களுக்கு வாட்ஸ்அப் குரல் பதிவு: ஒரு மதிப்பீடு

வாட்ஸ்அப்பில் 2013 முதல் இருந்துவரும் குரல் பதிவு வசதி, வயதான உறவினர்களுடனும் பெற்றோரின் பழைய நண்பர்களுடனும் தொடர்பில் இருக்க எந்த அளவுக்கு உதவுகிறது என்பதை மட்டுமே இங்கே பார்க்கிறேன். இவர்களைப் பொறுத்தவரை வீடியோ அழைப்பைவிட இதுவே மேல் என்பது என் கருத்து.

அழைப்பு வந்தால், கண்ணாடியைத் தேடியெடுத்து, எழுந்து வந்து, திரையை எந்தப் பக்கம் தள்ளுவது என்று யோசிப்பதற்குள் மணி ஓய்ந்துவிடும். நமக்கு ஒழிகிற நேரமோ பெரும்பாலும் அவர்கள் கண்ணயரும் நேரமாக இருக்கும். குரல் பதிவுக்கு இந்த அவசரம் இல்லை. பொன்மலை ரயில்வே பணிமனையில் அப்பாவுடன் வேலை பார்த்த மாமா ஒருவருக்குக் காது சற்று மந்தம். போனில் பேசினால் பாதி புரியாமலே "சரிப்பா, சரிப்பா" என்று முடித்துக்கொள்பவர், பதிவென்றால் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டு, நான் விசாரித்த ஒவ்வொன்றுக்கும் வரிசையாகப் பதில் அனுப்புகிறார். நடுவில் குக்கர் விசிலும், "யார்கிட்ட பேசிக்கிட்டு இருக்கீங்க?" என்ற அத்தையின் குரலும் சேர்ந்தே வந்துவிடுகின்றன, வீட்டு நிலவரம் அதிலேயே தெரிந்துவிடும்.

அனுப்பியதை அவர்கள் கேட்டதும் நம் திரையில் மைக் குறி நீலமாக மாறும். படித்ததைக் காட்டும் நீல டிக்கை நிறுத்தி வைத்திருப்பவர்களிடத்திலும் இது வேலை செய்யும். தனியாக இருக்கும் பெரியம்மா காலையில் பதிவைக் கேட்டுவிட்டார் என்று தெரிந்தாலே பாதி கவலை தீர்ந்தது.

கை நடுக்கம் உள்ளவர்களுக்குத்தான் சிரமம். மைக்கை அழுத்திப் பிடித்தபடி பேசும்போது விரல் இடப்பக்கம் நகர்ந்தால், பேசியது அத்தனையும் போய்விடும். விரலை மேலே இழுத்தால் பதிவு பூட்டிக்கொள்ளும், பிறகு கையை எடுத்துவிட்டு நிதானமாகப் பேசலாம் என்பதை நேரில் உட்கார்ந்து, சலிக்காமல் சொல்லிக்கொடுக்க வேண்டும். இன்னொன்று, சரியாகக் கேட்கவில்லையே என்று போனைக் காதோடு ஒட்டிப் பிடித்தால், ஒலி பெரிய ஸ்பீக்கரிலிருந்து காதுப் பக்கத்துச் சிறிய ஸ்பீக்கருக்கு மாறிச் சத்தம் இன்னும் குறையும். மேசைமேல் வைத்துக் கேட்கப் பழக்குவதே நல்லது.

ஸ்மார்ட்போன் வைத்திருப்பவர்களுக்குத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். துக்கச் செய்தியையோ மருத்துவமனை விவரத்தையோ மட்டும் இதில் அனுப்ப வேண்டாம். அவற்றுக்கு அழைத்துப் பேசுவதுதான் முறை.