செல்லுபடியாகும் தாளும் தயங்கும் கைகளும்: மலையகத்தில் பழைய பணத்தோடு

ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோவில் எங்கள் வீட்டு அலுமாரியில் பல வருடங்களாகச் சேர்ந்து கிடந்த இலங்கைப் பணத்தை, அது தொடர்ந்து மதிப்பிழப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பதை விட, இம்முறை ஊரிலேயே செலவழித்துவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். தொகை பெரிதல்ல, ஆனால் தாள்கள் பலவகைப்பட்டவை. சுதந்திரத்தின் பொன்விழாவுக்காக 1998 இல் வெளியான 200 ரூபாப் பொலிமர் (பிளாஸ்டிக்) தாள்கள், 2006 இல் புழக்கத்துக்கு வந்த சீகிரியாப் படம் தாங்கிய 2000 ரூபாத் தாள்கள், போர் முடிந்த 2009 ஆம் ஆண்டின் 1000 ரூபா ஞாபகார்த்தத் தாள்கள், 1991 ஆம் ஆண்டு வரிசையைச் சேர்ந்த 100 ரூபாத் தாள்கள் ஆகியவற்றோடு, ஒரு துணிப்பை நிறைய நாணயக்குற்றிகளும் இருந்தன.

இவற்றில் ஒன்றும் செல்லாக்காசு அல்ல. எத்தொகையையும் கொடுப்பதற்குச் சட்டப்படி வலுவுடையது என்பது ஒவ்வொரு தாளிலும் அச்சாகியிருக்கிறது. 2011 இல் இப்போதைய வரிசை வந்தபோது 200 ரூபாவுக்கும் 2000 ரூபாவுக்கும் அதில் இடம் கிடைக்கவில்லையே தவிர, முன்பு வெளியிட்டவற்றை மத்திய வங்கி இரத்துச் செய்யவில்லை. ஆயினும் இலங்கையின் தேயிலை மலைப்பகுதியான மலையகத்தில் ஹட்டன், கொட்டகலை, நுவரெலியா ஆகிய இடங்களின் காசுமேசைகளில் இந்தத் தாள்களை நீட்டியபோது, சட்டம் சொல்வது ஒன்றாகவும் காசு வாங்குபவரின் விரல்கள் சொல்வது வேறொன்றாகவும் இருந்தன.

ஹட்டனில் ஒரு சுப்பர்மார்க்கெட்டில் சாமான்களுக்கான பில்லைப் போட்டு முடித்த காசாளர்ப் பெண், நான் கொடுத்த சீகிரியாத் தாளை வாங்கி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்து, பிறகு பக்கத்து மேசைக்கு எடுத்துச் சென்று காட்டினார். மத்திய வங்கியின் 75 ஆவது ஆண்டு நிறைவுக்காக 2025 ஓகஸ்ட் மாதத்தில் வெளியிடப்பட்ட புதிய 2000 ரூபாத் தாளை அவர்கள் அறிந்திருந்ததுதான் சிக்கலைக் கூட்டியது. 2000 ரூபா என்றால் இப்படித்தான் இருக்கும் என்று ஒரு முகத்தைப் பழகிவிட்டவர்களுக்கு, அதே தொகைக்கு வேறொரு முகத்தைக் கண்டதும் கள்ளத்தாள் என்ற எண்ணம்தான் முதலில் வந்தது. தாளில் தமிழில் எழுதியிருந்த வரியைக் காட்டினேன். அவர் பொறுமையாக வாசித்துப் பார்த்தார்.

“எழுதியிருக்குறது உண்மைதான் ஐயா. ஆனா ராத்திரி கணக்கு முடிக்கிறப்ப இத எடுக்கமாட்டேன்னு சொல்லிட்டா, என் சம்பளத்துலதான் கழிப்பாங்க.”

இதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1000 ரூபாவை எட்டுவதற்கு 2021 வரை போராட வேண்டியிருந்தது. 2024 இல்தான் அது 1350 ரூபா ஆயிற்று. அத்தகைய குடும்பத்திலிருந்து டவுனுக்கு வேலைக்கு வருகிற ஒரு பிள்ளைக்கு 2000 ரூபா என்பது வீட்டில் ஒருவர் கொழுந்து பறித்து ஒரே நாளில் கொண்டுவரும் சம்பளத்தை விட அதிகம். அந்த ஆபத்தை முன்பின் தெரியாத ஒரு வெளிநாட்டுக்காரனுக்காக அவர் ஏன் ஏற்க வேண்டும்? மறுப்பை அந்தப் பெண்ணின் அறியாமை என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. நட்டத்தைக் கடைசிப்படியில் நிற்பவர் தலையில் கட்டிவிட்டு, எவை செல்லும் தாள்கள் என்பதை அவருக்குச் சொல்லிக்கொடுக்காமல் விட்டிருக்கிற நிர்வாகத்தின் மீதுதான் எனக்குக் குறை.

வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற பெரியவர் ஒருவர், “இந்தியாவுல ஒரே ராத்திரியில செல்லாமப் போச்சே, அது மாதிரி இதுவும் போயிருக்கும்” என்று தீர்ப்புச் சொன்னார். 2016 நவம்பரில் அங்கே 500, 1000 ரூபாத் தாள்கள் செல்லாதவையான செய்தியைத் தமிழ்நாட்டுத் தொலைக்காட்சிகள் மலையக வீடுகளுக்குள்ளும் கொண்டுவந்து சேர்த்திருந்தன. அதற்கும் முன்பு, 1970 இல், நிதியமைச்சர் என்.எம். பெரேரா அப்போதைய 50, 100 ரூபாத் தாள்களைச் செல்லாதவையாக்கியதை நேரில் கண்ட தலைமுறையில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். ஆகவே பழைய தாளைக் கண்டு இங்கே ஒருவர் மிரளுவது காரணமில்லாத மிரட்சி அல்ல.

இதற்கு நேர்மாறான அனுபவம் கொட்டகலைப் பக்கத்தில், தோட்டத்துக்குப் போகும் பாதையோரத்துச் சில்லறைக் கடையில் கிடைத்தது. பருப்பும் சீனியும் நெத்தலிக் கருவாடும் வாங்கிவிட்டு, மறுக்கப்பட்டால் மாற்றிக் கொடுப்பதற்கு வேறு பணத்தையும் கையில் தயாராக வைத்துக்கொண்டு, பொலிமர் தாளை நீட்டினேன். எழுபது வயதைத் தாண்டியிருக்கக்கூடிய முதலாளி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, தாளை மூக்குக்கு அருகே கொண்டுபோய்ப் பார்த்தார். இரண்டாக மடித்து விட்டார். அது தானாக விரிந்துகொண்டது. மீண்டும் மடித்து, பெருவிரலால் மடிப்பை அழுத்தித் தேய்த்துவிட்டு விட்டார், மறுபடியும் விரிந்தது. அவருடைய முகத்தில் சிரிப்பு வந்தது.

“இந்த இருநூறு ரூவாயக் கண்டு எவ்வளவு காலமாச்சு தம்பி. பேங்குல எடுப்பாங்க, இன்னும் இருந்தா குடுங்க.”

மிச்சமிருந்தவற்றையும் அவரிடமே கொடுத்து மாற்றிக்கொண்டேன். அவருக்கு இருந்த துணிச்சலின் காரணம் எளிது: கடையும் அவருடையது, வங்கிக்குப் பணம் கொண்டுபோகிறவரும் அவரே. இடையில் யாரிடமும் கணக்கு ஒப்புவிக்க வேண்டியதில்லை. கணினி, ரசீது இயந்திரம் என்று எல்லா வசதியும் உள்ள இடத்தில் நடக்காத காரியம், சாக்கு விரித்த மேசையில் இரண்டு நிமிடத்தில் நடந்தது.

ஆச்சரியமாக இருந்தது வேறொன்று. கைகளை உயர்த்தியபடி அன்றைய ஜனாதிபதி மஹிந்த ராஜபக்ஷ நிற்கும் 2009 ஆம் ஆண்டுத் தாளை ஒருவரும் மறுக்கவில்லை. அதன் மறுபக்கத்தில் படையினர் கொடியேற்றும் காட்சி இருக்கிறது. வழமையான 1000 ரூபாவில் இருப்பது எதுவும் அதில் இல்லை. ஆனாலும் பாமசியிலும் பேக்கரியிலும் ஒரு பார்வையோடு அது லாச்சிக்குள் போய்விட்டது. பழைய 100 ரூபாத் தாளும் அப்படியே. ஆக, ஆட்கள் அஞ்சுவது படத்துக்கு மட்டும் அல்ல, அரிதாகக் கைக்கு வரும் தொகைக்கு. இன்றைய 1000 ரூபாத் தாளில் இருப்பது நுவரெலியா வீதியின் இறம்பொடைச் சுரங்கப்பாதை. 5000 ரூபாவில் மஸ்கெலி ஓயாவின் கென்யன் அணைக்கட்டு இருக்கிறது. இந்த ஊர்க்காரர்களே நாள்தோறும் கடந்து போகும் இடங்கள் இவை. ஆனால் கேட்டுப்பார்த்த இடங்களில் எவரும் அதைக் கவனித்திருக்கவில்லை. அந்தப் பழைய 100 ரூபாவின் பின்புறத்திலோ கொழுந்து பறிக்கும் பெண்கள் இருக்கிறார்கள். அதை வாங்கிப் பிளேன்டீக்கு மிச்சம் கொடுத்த பையன் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

நுவரெலியாவில் பிரித்தானியப் பவுண் பணத்தை மாற்றப் போன இடத்தில், ஸ்கொட்லாந்து வங்கிகள் அச்சிடும் பவுண் தாள்களை ஒரேயடியாக மறுத்தார்கள். இங்கிலாந்து வங்கியின் தாள் இருந்தால் மட்டும் தரச் சொன்னார்கள். இதில் குறை சொல்ல எனக்கு மனமில்லை, ஏனெனில் இலண்டன் கடைகளிலேயே இதே தாள்களுக்காக வாதாடியிருக்கிறேன். சுற்றியுள்ள மலைகளில் பல தோட்டங்கள் ஸ்கொட்லாந்துப் பெயரைச் சுமந்துகொண்டிருக்க, அந்நாட்டுப் பணத்துக்கு அங்கே மரியாதை இல்லாதது சற்று வேடிக்கைதான். ஸ்கொட்லாந்திலிருந்து வருகிறவர்கள் புறப்படும் முன்பே மாற்றிக்கொண்டு வருவது நல்லது.

மீதி 2000 ரூபாத் தாள்களை ஒரு வங்கிக் கிளைக்குக் கொண்டு சென்றேன். காத்திருப்பு நீண்டது, ஆனால் கருமபீடத்தில் இருந்த அலுவலர் தாளைக் கண்டதும் அடையாளம் கண்டுகொண்டார், கேள்வி எதுவும் கேட்காமல் மச்சானின் கணக்கில் வைப்பிலிட்டார். வேண்டுமென்றே கிழித்த, கிறுக்கிய தாள்களை 2017 டிசம்பர் 31 க்குப் பின் ஏற்பதில்லை என்ற விதியையும், தானாகப் பழுதடைந்தவற்றை வங்கிகளில் மாற்றலாம் என்பதையும் அவர் மரியாதையாக விளக்கினார். இதே விளக்கத்தைத் தமிழிலும் சிங்களத்திலும், செல்லுபடியாகும் எல்லாத் தாள்களின் படங்களோடும் ஒரு அட்டையில் அச்சிட்டு ஒவ்வொரு காசுமேசையிலும் ஒட்டிவைப்பதற்குப் பெரிய செலவு ஆகாது.

நாணயக்குற்றிகளைப் பொறுத்தவரை எந்த இடத்திலும் தடையில்லை. மாவட்டங்களின் படம் பொறித்த 2013 ஆம் ஆண்டின் 10 ரூபாக் குற்றிகள் என்னிடம் நிறைய இருந்தன. தலவாக்கலை பஸ்ஸின் நடத்துநர், சில்லறை இல்லாமல் திண்டாடிக்கொண்டிருந்தவர், பையில் இருந்த அத்தனையையும் எண்ணி வாங்கிக்கொண்டு தாள்களாகத் திருப்பித் தந்தார். ஒரு குற்றியைக்கூடப் புரட்டிப் பார்க்கவில்லை.