ஐரோக்கோவா, தேக்கா, அயினியா? கடற்காற்று வீசும் வீட்டுக்கு ஒரு மர அலசல்

நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ மரக்கடைக்குச் சென்று ‘ஆப்பிரிக்கத் தேக்கு’ என்று கேட்பவருக்கு, தொடர்பே இல்லாத இரண்டு மரங்களில் எது வேண்டுமானாலும் காட்டப்படலாம். ஒன்று, கானா, பெனின், தான்சானியா முதலிய நாடுகளின் தோட்டங்களில் வளர்ந்த உண்மையான தேக்கு. பிறந்த மண்தான் வேறே தவிர, அது கேரளத்து நிலம்பூர்த் தேக்கின் அதே இனம். மற்றொன்று ஐரோக்கோ. மேற்கு ஆப்பிரிக்கக் கரையிலிருந்து கிழக்கே மொசாம்பிக் வரை காடுகளில் இயல்பாக வளரும் இம்மரத்தைத் தாவரவியலார் மிலிசியா எக்செல்சா என்பர். கிழக்கு ஆப்பிரிக்காவில் ம்வூலே என்று பெயர். தேக்கைப் போல மழைக்கும் பூச்சிக்கும் தாங்குவதால் வணிகர்கள் அதற்குத் தேக்கின் பெயரைச் சூட்டினார்கள். உண்மையில் அது அத்தி, ஆல், பலா ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. எனவே குமரி மாவட்டத்து வீட்டுவிளைகளில் (வீட்டுத் தோட்டங்களில்) நிற்கும் அயினிக்குத்தான், அதாவது ஆஞ்சிலிக்குத்தான், அது உறவு. இந்த உறவை மனத்தில் வைத்துக்கொண்டால் ஒப்பீட்டின் பாதி தானே விளங்கிவிடும்.

எடையில் ஐரோக்கோவும் தேக்கும் ஏறத்தாழச் சமம். நன்கு உலர்ந்த நிலையில் ஒரு கன அடி சுமார் 18 கிலோ இருக்கும். அயினி அவற்றைவிடச் சற்று இலகுவானது. கடினத்தில் ஐரோக்கோ தேக்கை ஓரளவு மிஞ்சுகிறது. ஆண்டுக்கு இரண்டு பருவமழை பெறும் நம் மாவட்டத்தில், ஆனியில் ஈரம் குடித்து மாசியில் உலரும் மரம் எவ்வளவு உப்பிச் சுருங்குகிறது என்பதுதான் கதவு நிலையோடு ஒட்டிக்கொள்ளுமா இல்லையா என்பதைத் தீர்மானிக்கும். இந்த வகையில் தேக்கும் ஐரோக்கோவும் அடக்கமானவை. ஆயினும் ஐரோக்கோவின் இழைகள் நேராக ஓடாமல் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் பின்னிக்கிடப்பதால், சரியாக உலராத மெல்லிய பலகை முறுக்கிக்கொள்ளும் அபாயம் தேக்கைவிட அதில் கூடுதல். கனத்த நிலைக்கும் ஜன்னல் சட்டத்துக்கும் அது ஏற்றது. நுண்ணிய செதுக்கு வேலையுள்ள மெல்லிய கதவுப் பலகைக்கு நான் தேக்கையே தேர்ந்தெடுப்பேன்.

கரையானுக்கும் பூஞ்சைக்கும் மூன்றின் வைரப்பகுதியும், அதாவது நடுவிலுள்ள முதிர்ந்த கட்டையும், நன்றாகத் தாக்குப்பிடிக்கும். வெளிப்புறத்து வெள்ளைப்பகுதிக்கு அந்தக் காவல் இல்லை. ஐரோக்கோவின் வெள்ளையை மாவாக்கித் தின்னும் வண்டு உண்டு. விலை குறைத்துத் தருகிறேன் என்று வெள்ளை கலந்த சட்டங்களைத் தள்ளிவிடும் கடைகளில் எச்சரிக்கை தேவை. குளச்சல், தேங்காய்ப்பட்டணம் போன்ற கரையோர ஊர்களில் மரத்தைவிட இரும்புதான் முதலில் சாகும். ஆகவே எந்த மரமானாலும் கீலும் திருகாணியும் பித்தளையிலோ துருப்பிடிக்காத எஃகிலோ இருக்கட்டும்.

ஆசாரிமாரின் மனத்தாங்கலைக் கேட்டால் கணக்கு மாறும். தேக்கில் மணற்சத்து உள்ளது; அது உளியின் வாயைக் கொஞ்சம் கொஞ்சமாக மழுக்கும். ஐரோக்கோவிலோ சில மரங்களின் உள்ளே சுண்ணாம்புச் சத்து கல்லாகவே இறுகிக் கிடக்கும். வெளியே தெரியாத அந்தக் கல்லில் மோதினால் இழைப்புளியின் அலகு ஒரே இழைப்பில் பல்லுடைந்துபோகும். அறுக்கும் வாளுக்கும் அதே கதிதான். அதைவிட முக்கியமானது தூள். ஐரோக்கோவின் மரத்தூள் சிலருக்குத் தோல் அரிப்பையும் மூச்சிளைப்பையும் உண்டாக்கும். பட்டறையில் முகக்கவசம் இல்லாமல் அம்மரத்தை உரசச் சொல்வது, கூலி கொடுப்பவர் செய்யும் அநியாயம் என்றே கருதுகிறேன்.

நிறத்தில்தான் குடும்ப ஒற்றுமை பளிச்சென்று தெரிகிறது. ஐரோக்கோ, பலா, அயினி மூன்றும் அறுத்த அன்று மஞ்சளாக இருந்து, வெளிச்சமும் காற்றும் பட்டுப் பொன்பழுப்பாகவும் பின்னர் ஆழ்ந்த பழுப்பாகவும் முதிர்கின்றன. பலாவின் முதிர்ச்சியைக் காண வெகுதூரம் போகவேண்டாம். தக்கலையை அடுத்த பத்மநாபபுரம் அரண்மனையின் தாய்க்கொட்டாரத்தில், ஒரே பலா மரத்தில் கடைந்து பூவேலை செய்த தூணைப் பார்த்தால் போதும். அயினியின் திறத்துக்குச் சான்று தண்ணீரிலேயே உண்டு: கேரளத்தின் சுண்டன் வள்ளங்கள் எனும் பாம்புப் படகுகள் மரபாக அம்மரத்தில்தான் கட்டப்படுகின்றன. ஆகவே சொந்த விளையில் முதிர்ந்த அயினியோ பலாவோ வெட்டவேண்டிய நிலையில் நின்றால், கடல் கடந்து வந்த அதன் உறவுக்காரனுக்குப் பணம் கொடுப்பதில் எனக்கு நியாயம் தெரியவில்லை. ஆனால் அறுத்த கையோடு வேலையைத் தொடங்காமல், பலகைகளுக்கிடையே சிறு கட்டைகள் வைத்து நிழலில் அடுக்கி, ஒரு மழைக்காலமாவது தாண்டவிட வேண்டும்.

சிவப்பு மரம் விரும்புவோருக்குக் கடைக்காரர் ஆப்பிரிக்கப் படாக்கைக் காட்டுவார். அது நம் வேங்கையின் பேரினத்தது; ஆரஞ்சுச் சிவப்பாக மயக்கும் நிறம் வெயிலில் பழுப்பாகிவிடும் என்பதைச் சொல்லமாட்டார். ஆப்பிரிக்காவின் வேங்கையினங்கள் அனைத்தையும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்க்க, அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் (CITES) உடன்படிக்கையின் 2022 பனாமா மாநாடு முடிவெடுத்தது. ஆகவே உரிய ஆவணம் இல்லாத சரக்கை வாங்கலாகாது. ஐரோக்கோவைத் தோட்டமாகப் பயிரிடும் முயற்சிகளை, இளந்தளிரில் கழலை உண்டாக்கும் ஒரு சிறு பூச்சி பெரும்பாலும் முறியடித்திருக்கிறது. எனவே கடைக்கு வரும் ஐரோக்கோவில் பெரும்பகுதி இயற்கைக் காட்டில் வெட்டப்பட்டதுதான். ஆப்பிரிக்கத் தோட்டத் தேக்குக்கு அந்தச் சுமை இல்லை; மாறாக, இளவயதில் வெட்டியதானால் அதில் வைரம் குறைந்து வெள்ளை மிகுந்திருக்கும்.

வாங்கும்போது இரண்டையும் பிரித்தறிவது கடினமன்று. சட்டத்தின் முனையைப் புதிதாகச் சீவச் சொல்லி முகர்ந்து பாருங்கள்; தேக்கில் பதப்படுத்திய தோலைப் போன்ற வாசம் எழும், விரலுக்கு எண்ணெய்ப்பசை தட்டும். பிறகு அந்தக் குறுக்குவெட்டை நீரில் நனைத்துப் பாருங்கள். பெரிய துளைகள் வளையம் வளையமாக வரிசைகட்டி நின்றால் தேக்கு; துளைகள் எங்கும் சிதறி, இடையே வெளிர்நிறக் கோடுகள் நெளிந்தால் ஐரோக்கோ. அதற்குப் பிறகு விலை பேசலாம்.