மூட்டுவலிக்கு மூலிகைப் பொடி வாங்குவோர் கவனத்திற்கு

எனக்கு முடக்குவாதம் (ருமட்டாய்டு ஆர்த்ரைடிஸ்) இருப்பது உறுதியானதும் மருத்துவர் நோயைக் கட்டுப்படுத்தும் மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை எழுதிக் கொடுத்தார். வாரம் ஒருமுறை மட்டும் போட வேண்டிய அம்மருந்து பலன் தர ஆறு முதல் பன்னிரண்டு வாரங்கள் ஆகும் என்று அவர் சொல்லியிருந்தும், வலி தாங்காமல் ஐந்தாவது வாரத்திலேயே அதை நிறுத்திவிட்டு, தொலைபேசியில் ஆர்டர் எடுத்துக் கூரியரில் அனுப்பும் ஒருவரிடம் பொடி வாங்கினேன். "இதில் ஆங்கில மருந்து துளியும் கிடையாது" என்று அவர் உறுதி கூறினார். பொட்டலத்திலோ என்னென்ன சேர்த்திருக்கிறார்கள் என்ற விவரமும் இல்லை, தயாரிப்புத் தேதியும் இல்லை.

மூன்றாம் நாள் காலை, இரண்டு கைகளாலும் திருகித் திறக்க முடியாதிருந்த தண்ணீர்ப் புட்டியின் மூடியை ஒரே கையால் திறந்தேன். அன்று நான் அழுதே விட்டேன். அந்த வேகத்தைக் கண்டுதான் நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். இந்நோயின் அழற்சியை இரண்டே நாளில் அப்படி அடக்குவது ஸ்டீராய்டின் குணம்.

எட்டு மாதங்களில் முகம் உருண்டு திரண்டது. பார்த்தவர்கள் உடம்பு தேறிவிட்டது என்றார்கள், நானும் நம்பினேன். பையின் வார் அழுந்திய இடமெல்லாம் முன்கையில் ஊதா நிறத்தில் கன்றிப்போனது. விற்றவரிடம் கேட்டபோது, உடம்பிலுள்ள கெட்ட நீர் வெளியேறுவதாகச் சொன்னார். பிறகு ஒருமுறை பணத்தைப் பெற்றுக்கொண்டு பொடியை அனுப்பாமல், அழைப்பையும் எடுக்காமல் விட்டுவிட்டார். பொடி தீர்ந்த நான்காம் நாள் வாந்தியும் தலைச்சுற்றலுமாக எழுந்து நிற்கவே முடியாமல் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டேன்.

அட்ரினல் சுரப்பி சுரக்கும் கார்டிசோல் என்ற ஹார்மோன் என் இரத்தத்தில் மிகமிகக் குறைவாக இருந்தது. வெளியிலிருந்து ஸ்டீராய்டு தொடர்ந்து வந்துகொண்டிருந்தால் அட்ரினல் சுரப்பி தன் வேலையை நிறுத்திவிடும் என்பதும், பொடி திடீரென்று நின்றபோது அதனால் ஈடுகொடுக்க முடியவில்லை என்பதும் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பொட்டலத்தில் ஒட்டியிருந்த மிச்சத்தைப் பரிசோதித்ததில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு இருப்பது தெரிந்தது. முகம் உருண்டதும் கை கன்றியதும் அதனால்தான்.

ஸ்டீராய்டே கூடாது என்று நான் சொல்லவில்லை. 1948இலேயே முடக்குவாத நோயாளிக்குக் கார்டிசோன் என்ற ஸ்டீராய்டைக் கொடுத்திருக்கிறார்கள். இன்றும் மருத்துவர்கள் அளவறிந்து, சில காலத்திற்கு, கண்காணித்துக் கொடுக்கிறார்கள். நான் எவ்வளவு உட்கொள்கிறேன் என்பது எனக்கும் தெரியாமல், வேறு எவருக்கும் தெரியாமல் எட்டு மாதங்கள் உட்கொண்டேன் என்பதே என் ஆற்றாமை. அதைவிடப் பெரிய இழப்பு வேறு: வலி அடங்கியிருந்த அந்த மாதங்களில், நோயைக் கட்டுப்படுத்தும் மருந்து இல்லாததால் விரல் மூட்டு எலும்புகள் அரிக்கப்பட்டிருப்பதை எக்ஸ்ரே காட்டியது. அரிக்கப்பட்ட எலும்பு பழைய நிலைக்குத் திரும்பாது.

இப்படிப்பட்ட பொடியை இப்போது சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள், தயவுசெய்து இதைப் படித்த பயத்தில் இன்றே நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தியதுதான் என்னைப் படுக்கையில் தள்ளியது. பொட்டலத்தைத் தூக்கி எறியாமல் கையோடு எடுத்துக்கொண்டு உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். எத்தனை நாளாக, ஒரு நாளைக்கு எத்தனை வேளை சாப்பிட்டீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.